பழைய ஷூவைக் கழற்ற மறுத்தவர்கள்

ஓட்டக்காரர்களுக்கு ஷூ விற்கிறவனுக்குப் புது ஜோடியை விற்பது பெரிய வேலை இல்லை; பழையதைக் காலிலிருந்து கழற்ற வைப்பதுதான் வேலை. புனேயில் கேம்ப் என்ற பகுதியில் ஒரு கடையில் ஆறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். தேய்ந்த ஜோடி ஒன்றைத் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருக்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

ஞாயிறு துவைத்தது

தினேஷ் கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை. நாலு மாசமாக முழங்கால் வலி. "ஷூ நல்லாத்தான் இருக்குங்க, முட்டிக்குப் போடற பட்டை மட்டும் குடுங்க" என்றார். மேலே பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. ஞாயிறுதோறும் துவைத்துக் காயவைப்பாராம்.

இரண்டையும் கழற்றச் சொல்லி மேஜைமேல் வைத்தேன். உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. திருப்பினால், உள் ஓரத்தில் ரப்பரே இல்லை. "நான் டாக்டர் இல்லைங்க. ஆனா இதுல ஓடினா என் முட்டியும் வலிக்கும்" என்றேன். அவர் விரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்தேனுங்க. இதத் திருப்பிப் பாக்கணும்னு ஒரு தடவைகூடத் தோணலைங்க."

ஆறாவது ஜோடி

மலர்விழி அம்மா வானவடியிலிருந்து வந்தார். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, ஒரு மாடி ஏறவே திணறிய நாளில், நடப்பதற்கென்று என்னிடம் ஒரு ஜோடி வாங்கினார். நடை மெல்ல ஓட்டமாகி, இப்போது பத்து கிலோமீட்டர் ஓடுகிறார். ஷூவின் குதிகால் பக்கம் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அதே ஷூதான் வேண்டும் என்றார். கம்பெனி அதை நிறுத்திவிட்டது.

ஐந்து ஜோடி போட்டுப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "இதப் போட்டப்புறம்தான் தம்பி உடம்பு தேறுச்சு. மாத்தினா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஆறாவது ஜோடியை மாட்டிவிட்டு, "வெளியில ஒரு சுத்து ஓடிட்டு வாங்கம்மா. பிடிக்கலைன்னா பழசையே போட்டுக்கிட்டுப் போங்க" என்றேன். பில் போடாத ஷூவைத் தெருவில் இறக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்தும் ஆயிற்று. நான் வாசலில் நின்று ஆட்டோக்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தேன். அம்மா வேர்த்து விறுவிறுத்து வந்து படியில் உட்கார்ந்தார்.

"சர்ச் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன் தம்பி. இத்தனை நாளா நான்தான் ஓடிட்டிருந்தேன் போல."

என் சுண்டுவிரல்

நாள் முழுக்க மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் என் ஷூவில் சுண்டுவிரல் எட்டிப் பார்க்கும். சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபின் ஓட ஆரம்பித்த ஜோடி அது. கூட வேலை பார்க்கும் சுவாதி மராத்திப் பெண், ரெண்டு தெருவுக்கும் ஆட்டோ பிடிப்பவள். தினமும் என் காலைப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை சுவாதி மேல் தட்டை அடுக்கச் சொன்னாள்; ஷூவைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் ஏறினேன். இறங்கும்போது ஷூவைக் கழற்றிய இடத்தில் என் அளவில் புது ஜோடி இருந்தது. பழையது, வேண்டாத ஷூக்களைப் போடும் பெட்டிக்குள் போயிருந்தது. எடுக்கக் குனிந்தேன். சுவாதி பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு இந்தியில் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை நானும் ஓட வரேன். அதைப் போட்டுட்டு வந்தா உன் பக்கத்துல ஓட மாட்டேன்."

ஆறு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பேசிப் பேசியே கழற்ற வைத்தவன் நான். என்னுடையதைக் கழற்ற மட்டும் என்னை ஸ்டூல்மேல் ஏற்ற வேண்டியிருந்தது.