ட்ரெயினில் நான் செய்த உபதேசம்

எடையைக் குறைக்க ஆரம்பித்ததிலிருந்து, ஆபீஸ் விட்டு செம்பூர் வீட்டுக்குத் திரும்பும்போது நொறுக்குத் தீனி கிடையாது. ட்ரெயினில் உட்கார்ந்து குரோஷா பின்னுகிறேன். நிஜமாகவே பிடித்துப் போய்விட்டது.

இன்று லேடீஸ் டப்பாவில், நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்ட பக்கத்து சீட் பெண், பன்னுக்குள் வடை வைத்த வடாபாவைப் பிரித்து, "பாதி எடுத்துக்கோங்க ஆன்ட்டி" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னலைத் தூக்கிக் காட்டி, "இப்படி ஏதாவது பழகிக்கோம்மா. கண்ட நேரத்துல சாப்பிடத் தோணாது. இந்த வயசுலயே உடம்பைப் பாத்துக்கணும்" என்றேன். எதிர் சீட்டுப் பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

அவள் வடாபாவைத் திரும்ப மடித்தாள்.

"அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு ஆன்ட்டி. காலையிலேருந்து எதுவும் சாப்பிடலை, அதான்."

குரலில் கோபமே இல்லை.

"ஐயோ, சாப்பிடும்மா" என்று கெஞ்சினேன்.

"பரவாயில்லை, இறங்கிச் சாப்பிட்டுக்கறேன்" என்று சுனாபட்டி ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். அம்மாவுக்கு என்ன என்றுகூட நான் கேட்கவில்லை.

நாளைக்கும் அதே ட்ரெயினில் அவள் வந்தால் என்ன பேசுவது? யாராவது சொல்லிக் கொடுங்கள். நானாகப் பேசினால் என்ன ஆகும் என்று இன்றைக்குப் பார்த்தாச்சு.