வலிக்காத தீக்காயம்

பொம்மை செய்யும் செராமிக் யூனிட்டை விட்டு விலகி ரயில்வே ஜங்ஷனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதற்குள் ரெண்டு கைலி, ஒரு போர்வை. ஜங்ஷனில் எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவது என் வழக்கம். எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இப்படித்தான் வேலை மாற்றியிருக்கிறேன்.

இந்த முறை காரணம் காய்ச்சல். நாலைந்து நாளாக இறங்கவில்லை. தலை பிளந்தது. மேஸ்திரியிடம் குளிருது என்றேன்.

"சூளை வாயில நிக்கிறவனுக்குக் குளிருதா? சாகரைத் தூக்குய்யா, வேர்க்கும்" என்றார்.

சாகர் என்பது தீமண்ணில் செய்த பெட்டி. பொம்மையை அதற்குள் வைத்துத்தான் சூளையில் அடுக்குவோம். தூக்கிய சாகரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பாலக்கரை வந்ததும் கால் மடங்கியது. ரோட்டோரப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். "யண்ணே, காலையிலயே ஏத்திக்கினியா?" என்று கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். பிடித்த கையை உடனே எடுத்துக்கொண்டார். "என்னாண்ணே, இப்படிக் கொதிக்குது!" நான் ஜங்ஷன் என்றேன். அவர் பெரியாஸ்பத்திரிக்கு விட்டார்.

டாக்டரம்மா

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன வேலை என்று கேட்டார். சூளை அடுக்குறது என்றேன். காடு, புதர், வயல் பக்கம் போனீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் அந்தப் பதில்தான் இருந்தது.

"உடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்கு இருக்குதா? பார்க்கணும்."

"தீக்காயம்தாங்க இருக்குது. சூளை வேலைன்னா அது இருக்கும்."

"எங்க?"

நான் கைலி முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டு, "வெக்கப்பட நேரமில்ல, கைலியை எறக்குங்க" என்றார். அரைஞாண் கயிற்றுக்கு அடியில், இடுப்பு ஓரத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு காய்ந்திருந்தது. எங்கள் யூனிட்டில் யாருக்குச் சுட்டாலும் பொம்மை வார்க்கிற களிமண் கூழைத் தொட்டு அப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆயின்மென்ட் எல்லாம் முதலாளி அறையில் இருக்கும். அவர் இருக்கமாட்டார்.

நர்ஸம்மா பஞ்சை நனைத்துத் துடைத்தார். கூழுக்கு அடியில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

"சூளை எப்படிய்யா கைலிக்குள்ள வந்து சுட்டுச்சு? கைலி பொசுங்கலையே?" என்றார் டாக்டர்.

நான் அதை யோசித்திருக்கவில்லை.

"சுட்டப்ப வலிச்சுதா?"

"இல்லைங்க."

"இப்ப அழுத்தினா?"

"இல்லைங்க."

"தீக்காயம் வலிக்கும். இது பூச்சிக்கடி. உண்ணி மாதிரி, கண்ணுக்கே தெரியாத பூச்சி, புதர்ல இருக்கும். ஸ்க்ரப் டைஃபஸ்னு பேரு. கவனிக்காம விட்டா நுரையீரல், கிட்னின்னு போவும். உயிரே போவும்."

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை டாக்டர் காத்திருக்கவில்லை, டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அப்போதே ஆரம்பித்தார். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு போடணும், போட்டதும் படுக்கக்கூடாது, காய்ச்சல் விட்டாலும் சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தக்கூடாது. இதை நர்ஸம்மா மூன்று முறை சொன்னார். என்னைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருப்பார்.

ரெண்டாவது தீக்காயம்

ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. தலை தெளிந்தபின்தான் அந்தப் புதர் ஞாபகம் வந்தது. யூனிட்டுக்குப் பின்னால் பழைய சாகர்களையும் கழித்த பொம்மைகளையும் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் செடி கொடி மண்டிப்போய் ஆள் மறையும். எங்களுக்கு அதன் பெயர் குப்பைமேடு. புதர் என்று யாரும் சொன்னதில்லை. எனக்குக் காய்ச்சல் வருவதற்குப் பத்து நாள் முன்னால், நல்ல சாகராகப் பொறுக்கி வரச்சொல்லி மேஸ்திரி ரெண்டு பேரை அங்கே அனுப்பியிருந்தார். ஒன்று நான். இன்னொன்று அஞ்சலை அக்கா.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் கிளம்பின நாளைக்கு முந்தின நாள் அஞ்சலை அக்கா என்னிடம் வந்து, "தம்பி, கொஞ்சம் கூழு குடு. முட்டிக்குப் பின்னால எங்கயோ சுட்டுக்கினேன்" என்று கேட்டது. நானும் கொடுத்தேன்.

அஞ்சலை அக்காவுக்கு கிளேஸ் தொட்டியில் வேலை. பொம்மையைப் பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிறது. சூளைப் பக்கமே வராது.

மேஸ்திரிக்கு போன் போட்டேன். "அஞ்சலையா? காச்சல்னு வூட்டுல கெடக்குது. வேலையைப் போட்டுட்டு ஓடினவன் உனக்கு என்னா அக்கறை?" என்று வைத்துவிட்டார். டாக்டரிடம் சொன்னேன். "உடனே கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பாயில் கிடந்தது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டிருப்பதாக அதன் புருஷன் கோவிந்தன் சொன்னார். முட்டியைப் பாருங்கள் என்றேன். கூழ் அப்பியபடியே இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். அதே கறுப்பு. நான் கைலியை லேசாக இறக்கி என்னுடையதைக் காட்டினேன். அவர் ரெண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

அக்காதான் வரமாட்டேன் என்றது. "ஆஸ்பத்திரியில படுத்தா மேஸ்திரி தொட்டியில வேற ஆளைப் போட்ருவாரு தம்பி. நாளைக்கு எந்திரிச்சி போயிடுவேன்." இதைச் சொல்வதற்குள் நாலு தடவை நின்று மூச்சு வாங்கியது.

"வேற ஆளு வராதுக்கா. நீ வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

"நீயா? நீ நாளைக்கு எந்த ஊர்லயோ!"

"பை ஆஸ்பத்திரியில இருக்குது. நீயே வச்சிக்கோ."

பையில் இருக்கிற போர்வை இல்லாமல் நான் ஊர் மாறமாட்டேன் என்பது அதற்குத் தெரியும். எழுந்து ஆட்டோவில் ஏறியது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். இன்னும் ஒருநாள் கழித்து வந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க இழுத்த மூச்சு விடியும்போது கொஞ்சம் சீரானது.

யூனிட்டுகளில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விடாத காய்ச்சல் என்றால் துணியை விலக்கி உடம்பு முழுக்கப் பாருங்கள்: அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முட்டிக்குப் பின்பக்கம். வலிக்காத கறுப்புப் பொருக்கு இருந்தால் எதையும் அப்பாதீர்கள், அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். புதருக்குள் போவதென்றால் முழுக்கால் சட்டை, முழுக்கை சட்டை போடுங்கள். திரும்பி வந்ததும் குளித்து, துணியைத் துவைத்துப்போடுங்கள். குப்பைமேடும் புதர்தான்.

அக்காவின் மூச்சு சீரான அன்று காலை யூனிட்டுக்குப் போய், சூளைக்கு வரவில்லை, அஞ்சலை அக்கா வர்றவரைக்கும் தொட்டியில் நிற்கிறேன் என்றேன். மேஸ்திரி மேலும் கீழும் பார்த்தார். "முக்கத் தெரியுமாய்யா?" தெரியாது என்றேன். "ஒடைச்சா வெளிய போயிடணும்" என்று தொட்டியைக் காட்டினார்.

தொட்டிப் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். "அஞ்சலைக்கு மீசை மொளைச்சிருக்குதுடி" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு பொம்மையை எடுத்து, முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டேன். கரைசல் ஐஸ் மாதிரி இருந்தது.