மெர்சியின் சின்னக் கல்

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாதிப் பேரின் அழுக்குத்துணி கெசையாவின் கைக்குத்தான் வரும். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஊரைக் கட்டிய முதல் குடும்பங்களின் சங்கத்தில் தானும் ஒருத்தியாக உட்கார வேண்டும். அவளுடைய பாட்டி மெர்சி, முதலில் குடியேறிய ஹாஸ்கின்ஸ் வீட்டுப் பெண். அதை நிரூபித்தால் போதும்.

பள்ளிக்காலத் தோழி லவீனியா சங்கத்தில் இருந்தாள். "கவலைய விடுடீ, நான் தேடித் தர்றேன்" என்றாள். கோடை முழுக்க இருவரும் தேவாலயம், கல்லறை என்று அலைந்தார்கள். கெசையா தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினாள்.

சங்கம் கூடிய அன்று லவீனியாவே எழுந்தாள்.

"சொல்ல மனசு வரல. ஹாஸ்கின்ஸ் வீட்டு மெர்சி மூணு வயசுலயே செத்துப்போச்சு. கல்லறையில சின்னக் கல்லு இருக்கு, என் கண்ணால பார்த்தேன். செத்த குழந்தைக்கு ஏது பேத்தி?"

"அப்போ இவங்க ஆவி வம்சமா?" என்றாள் ஒருத்தி. அறையே சிரித்தது.

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதுதான். ஒரு குழந்தை செத்தால், அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயரை வைப்பது அங்கே பழைய வழக்கம். சிரித்த இளசுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். லவீனியாவுக்குமா தெரியாது?

கெசையா எழுந்து லவீனியாவைப் பார்த்தாள்.

"மே மாசம் ஆனா நாம ரெண்டு பேரும் உங்க வீட்டுக் கல்லறைக்கு லைலாக் பூ கொண்டு போறோமே. 'லவீனியா, ஒரு வயது'ன்னு ஒரு கல்லு நிக்குதே, அது யாரு? நீயா?"

லவீனியா கையுறைப் பொத்தானைத் திருகினாள். "எங்க அக்கா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா."

"அவ பேரு உனக்கு வந்த மாதிரிதானே மெர்சி பேரு எங்க பாட்டிக்கு வந்துச்சு? தெரிஞ்சேதானே சொன்ன?"

லவீனியா குரலைத் தாழ்த்தினாள். "என் உள்பாவாடைய வெளுக்கிறவ பக்கத்துல நான் எப்படிடீ உட்கார்றது?"

கெசையாவை அன்றே சேர்த்துக்கொண்டார்கள். தலைவி நாற்காலியைக் காட்டினாள். கெசையா உட்காரவில்லை. ஆசை ஆசையாய்க் கேட்ட இடம் வேம்பாய்க் கசந்தது.

அடுத்த மே மாதம் கல்லறைக்குத் தனியாகத்தான் போனாள். லைலாக்கில் பாதியைச் சின்ன மெர்சிக்கு வைத்தாள். மீதியை அந்த ஒரு வயது லவீனியாவுக்கு வைத்தாள்.

"நீ பிழைச்சிருக்கணும் கண்ணு," என்றாள். "எனக்கும் ஒரு தோழி இருந்திருப்பா."