செவலைக்கு நான் காட்டிய திசை

எங்கள் வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றட்டுமா என்று கேட்டால்கூட, அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மாவின் கண் தேடும். அத்தை, அப்பாவின் தங்கை, அதற்கும் ஒருபடி மேல். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு திரும்பி வந்து ஏழு மாதமாகியிருந்தது. திரும்பிப் போகிறாயா என்று யார் கேட்டாலும் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பாள். "சாரல் தொடங்கட்டும், பாப்போம்" என்பார் அப்பா.

நாய்களிடம் மட்டும் அத்தை வேறு ஆள். கீழப்பாவூருக்கு வெளியே எங்கள் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகள் துவம்சம் செய்துகொண்டிருந்தன. அத்தை இரண்டு வேட்டைநாய்க் குட்டிகளை வாங்கிவரச் சொல்லி வளர்த்தாள். ஒன்று கறுப்பன், இன்னொன்று செவலை. பன்றியைக் கடிக்கக் கூடாது, கடித்தால் வனத்துறை கேஸ். சோளத்துக்குள் எங்கே படுத்திருக்கிறது என்று தானாகவே தேடிப்போய், குரைத்துக் கிளப்பி வெளியே ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

செவலை என் செல்லம். என் பங்கு முட்டையில் பாதி அதற்குத்தான் போகும். அப்படியிருக்க, அப்பா ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொன்னார். இரண்டு நாய்க்கு இங்கே சோறு கிடையாது, சாரலுக்குள் வேலை பழகாததை லாட்ஜுக்குக் கொடுத்துவிடுவோம், வாசலில் சங்கிலியில் கட்ட ஒரு நாய் கேட்டிருக்கிறார்கள் என்றார். என்ன ஆனாலும் செவலையை அனுப்ப விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பழக்கும் முறை இதுதான். பன்றி புரண்ட சேற்றில் தோய்த்த சாக்குத் துண்டை அத்தை சோளத்துக்குள் எங்காவது ஒளித்துவிட்டு வருவாள். பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவாள். யாரும் பேசக் கூடாது, கை காட்டக் கூடாது. கறுப்பன் போன ஜோரில் கண்டுபிடித்துவிடும். செவலை நாலு எட்டு வைத்துவிட்டு வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கும்.

நான் விடவில்லை. மோட்டார் ரூமின் மேல் ஏறி, சாக்கை எங்கே ஒளிக்கிறாள் என்று பார்த்துக்கொள்வேன். பிறகு இறங்கி வந்து வரப்பில் நிற்பேன். வலது பக்கம் என்றால் வலது கையால் மூக்கைத் தேய்ப்பேன், இடது என்றால் இடது கையால். பத்தே நாளில் செவலை கறுப்பனை முந்தியது. அப்பாவே "பரவால்லியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு காலையில் நிஜப் பன்றிகள் உள்ளே படுத்திருப்பது தெரிந்தது. அப்பாவும் வந்துவிட்டார். கறுப்பன் மேற்கே பாய்ந்தது. செவலை வரப்பில் நின்று என்னைப் பார்த்தது. பன்றி எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அது பார்த்துக்கொண்டே நின்றது, அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார். குருட்டாம்போக்கில் இடது கையால் மூக்கைத் தேய்த்தேன். செவலை கிழக்கே ஓடியது, காலியான சோளத்துக்குள் சுற்றியது, திரும்பி வந்து மறுபடியும் என் மூக்கைப் பார்த்தது. மேற்கே கறுப்பன் குரைக்க, பன்றிகள் ஓடைப் பக்கம் தெறித்து ஓடின.

"ஏட்டி, எத்தன நாளா இந்த வேல?" என்றாள் அத்தை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதுக்கு நல்ல மூக்கு இருக்கு. அத விட்டுட்டு உன் மூக்கப் பாத்துட்டு நிக்கி."

"சரி, இது லாட்ஜுக்குத்தான்" என்றார் அப்பா அத்தையிடம். "சாரல் பிடிச்சதும் அவங்க வரும்போது நீயும் சேந்து கெளம்பு. ரெண்டு பேருக்கும் ஒரே காரு."

அத்தை செவலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"செவல எங்கயும் போகாதுண்ணே. நானும் போவல."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். என் நாய்க்காக அத்தை எவ்வளவு பெரிய பொய்யெல்லாம் சொல்லுகிறாள் என்று நான் பூரித்துப்போனேன்.

என்னை வயலுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள் அத்தை. ஒரு மாதம் அழுதும் சண்டை போட்டும் பார்த்தேன், மசியவில்லை. சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு நாள், குற்றாலத்திலிருந்து வந்த கார் அரைமணி நேரம் வாசலில் நின்றுவிட்டு காலியாகவே திரும்பியது. கார் தெருமுனை தாண்டியதும் அத்தை என்னைக் கூப்பிட்டு வயலுக்கு அழைத்துப்போனாள். செவலையை அவிழ்த்துவிட்டாள். அது என்னைத் தாண்டி ஓடியது. என் கை தானாக மூக்குக்குப் போனது. செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நனைந்த சோளத்துக்குள் புகுந்து, சற்று நேரத்தில் நட்டநடுவில் குரைத்தது. பெரிய தாய்ப்பன்றி ஒன்று குட்டிகளோடு கிளம்பி ஓடியது.

"அத்த, அது என்னப் பாக்கவே இல்ல" என்றேன்.

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். ஒரு நாய் பன்றியைக் கிளப்பியதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.