மூன்றாவது மடுவிலிருந்து திரும்பியது

என் மனைவிக்குச் சர்க்கரை பார்டரில் இருக்கிறது, தினமும் அரைமணி நேரம் நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். பாறையைத் தொற்றிக்கொண்டு மலையிடுக்கில் ஏறச் சொல்லவில்லை. இதை நான் அவளுக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டேன்.

முதல் ஆறு மாதம் எங்கள் ஊரான சோழவரத்தின் ஏரிக்கரையில் ஒழுங்காக நடந்தாள். விடிந்ததும் போவாள், வெயில் ஏறுவதற்குள் திரும்பி நாஷ்டா செய்துவிட்டு, கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். அப்படி நின்றுவிட்டு வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது உட்காரத் தோன்ற வேண்டுமா, இல்லையா? தோன்றவில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் ஆந்திரப் பக்கம் தடாவுக்கு மேற்கே இருக்கும் காட்டுக்குப் போய் எடுத்த படங்களை அவளிடம் காட்டியிருக்கிறார்கள். அன்று ஆரம்பித்தது பேஜாரு.

அவள் பிறந்தது ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரம்பாக்கம் பக்கம். "சின்ன வயசுல எங்க நைனா அந்த மலையக் காட்டி, அங்க ஒரு ஆறு பாறைய அறுத்துக்கினு வருதும்பாரு. ஒரு வாட்டிகூட இட்டுக்கினு போனதில்ல" என்றாள். மாமனார் செய்யாமல் விட்டதை நான் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஆனாலும் போன தை மாதத்தில் நான்கு ஞாயிறும் அங்கே போனோம். நான் சொல்ல வந்தது நான்காவது ஞாயிறைப் பற்றி.

நான் கம்பி ஆலையில் வேலை செய்கிறேன். அன்று வழுக்காமல் இருக்கட்டும் என்று ஆலையில் கொடுத்த பூட்ஸையே போட்டுக்கொண்டு கிளம்பினேன். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ். காட்டின் நுழைவாயிலில் இருந்த காவலர் அதைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். இவளும் தெலுங்கில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

"இன்னா சொன்னாரு?"

"நாலு மணிக்குள்ள எறங்கிடணுமாம்."

"அதுக்கு எதுக்கு சிரிப்பு?"

"நீ வாய்யா" என்று முன்னால் போய்விட்டாள்.

கொஞ்ச தூரம்தான் மண்பாதை. அப்புறம் ஆறே பாதை. லாரி அளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இடையில் தண்ணீர் ஓடும். பாறைகளில் வெள்ளைப் பெயின்டால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத் தாவித் தாவிப் போக வேண்டும். ஆறு குளம்போல் தேங்கி நிற்கும் முதல் மடுவில் எப்போதும்போல் கூட்டம். குப்பை போடாதீர்கள் என்று எழுதிய பலகைக்கு நேர்கீழே உட்கார்ந்து ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிட்டுத் தட்டுகளை அங்கேயே விட்டு எழுந்தது. ஒருவன் தோளில் ஸ்பீக்கரைச் சுமந்து வந்திருந்தான். பாட்டுக் கேட்க வீட்டில் இடமில்லையா இவனுக்கு? நான் முறைத்தேன். அவன் இன்னும் சத்தமாக வைத்தான். என் மனைவி இது எதையும் கண்டுகொள்ளாமல் சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த பாறைக்குத் தாவினாள். அந்தச் சட்டையும் என்னுடையதுதான்.

இரண்டாவது மடுவில் கூட்டம் குறைந்தது. மூன்றாவதற்குப் போனபோது நாங்கள் இருவர் மட்டும்தான். அங்கே மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து சுவராக நிற்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு பட்டையாகத் தெரியும். என் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு அடிக்கும் தவளை மாதிரி கத்திக்கொண்டிருந்தது. கால்விரல்கள் இரும்புத் தகட்டில் இடித்து இடித்து எரிந்தன.

"போதும். எறங்கலாம்" என்றேன்.

"இன்னும் ஒரு வளைவுதான்யா. அதுக்கு அப்பால பெரிய அருவி இருக்குதாம்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரமும் நீ இதையேதான் சொல்லித் திருப்பி இட்டுனு வந்த. வழி பூரா பொலம்பிக்கினே வர. உன்ன யாரு வரச் சொன்னது?"

"நீதான் சொன்ன!"

"அப்ப சொல்லல. போ. ஊட்டுக்குப் போ."

போனேன். பின்னாலிருந்து கூப்பிடுவாள் என்று பத்து பாறை வரை மெதுவாகத்தான் இறங்கினேன். கூப்பிடவில்லை. அதன்பிறகு கோபத்தில் வேகமாக நடந்தேன். இடதுபக்கம் தண்ணீர் வற்றிய ஒரு ஓடை பிரிந்தது. ஈர மணலாக, நடக்கச் சுலபமாக இருந்தது. பாறையில் விழுந்து எழுந்து போவதைவிட இப்படிப் போனால் கீழே ஆற்றிலேயே சேர்ந்துவிடலாம் என்று நானாக முடிவு செய்தேன். அதில் அம்புக்குறி எதுவும் இல்லை என்பது தெரிந்தும் இறங்கினேன்.

அது ஆற்றில் சேரவில்லை. முள்ளும் மூங்கிலுமாக அடைத்து, ஒரு இடத்தில் நின்றேவிட்டது. திரும்பி வந்தேன். ஓடை இப்போது மூன்றாகப் பிரிந்திருந்தது. வரும்போது ஒன்றுதான் இருந்தது. ஒன்றில் ஏறினேன். வேறு ஏதோ பள்ளம். போனில் சிக்னல் இல்லை. தண்ணீரும் சோறும் இருந்த பை அவளிடம் இருந்தது.

இருபது வருடமாக ஆலைச் சத்தத்திலேயே இருக்கிறவன் நான். பக்கத்தில் இருப்பவன் பேசுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அங்கே அப்படி ஒரு அமைதி. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. முதலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீம்பு இடம்கொடுக்கவில்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கத்தினேன். யாரும் இல்லை. புதரில் ஏதோ சரசரவென்று ஓடியது. அப்புறம் வீம்பு எல்லாம் போய், அவள் பெயரைத் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். மதியம் தாண்டி, வெயில் பாறையின் உச்சிக்கு ஏறிவிட்டது. அவள் தனியாக அந்த வளைவுக்குப் போய் வழுக்கி விழுந்திருந்தால்? யாரும் இல்லாத இடத்தில் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான்தானே. அதுவரை என்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அப்போதுதான் வந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மேலேயிருந்து குரல் கேட்டது.

"யோவ்! அங்கயே இரு! நவுராத!"

பாறைவிளிம்பில் அவள் தலை தெரிந்தது. உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி வந்தாள். ஒரு முழங்கை சிராய்த்து ரத்தம் கட்டியிருந்தது. நான் போன கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மனசு கேட்கவில்லையாம். முதல் மடுவரைக்கும் இறங்கி, பெரிய பூட்ஸ் போட்ட ஆளைப் பார்த்தீர்களா என்று எல்லாரையும் கேட்டிருக்கிறாள். ஸ்பீக்கர்க்காரன், நான் அந்தப் பக்கம் வரவேயில்லை என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து மறுபடி ஏறி, ஒவ்வொரு ஓடையாக எட்டிப் பார்த்து, மணலில் பூட்ஸ் தடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"அருவியப் பாத்தியா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"எருமை!" என்றாள். "எருமை! எருமை!" ஒவ்வொன்றுக்கும் என் முதுகில் ஒரு அடி. அடித்துவிட்டுப் பையைத் திறந்து தண்ணீரைக் கொடுத்தாள்.

இறங்கும்போது அவள் முன்னால் போனாள். கால் வைக்க வேண்டிய பாறையை ஒரு குச்சியால் தட்டிக் காட்டுவாள். அங்கே நான் வைப்பேன். எரிச்சலாகத்தான் இருந்தது. வாயிலில் காவலரிடம் அவள் நடந்ததைத் தெலுங்கில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவில் சொன்னாள். என் தங்கை வீட்டு விசேஷத்தில், பந்தியில் இலை போட்ட பிறகு, எதிர்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது. இப்போதைய நிலவரப்படி, அவளைக் கண்டதும் நான் பாறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேனாம்.

நான் அழவில்லை. கண்ணில் வியர்வை. இதைக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லி ஓய்ந்துவிட்டேன். கேட்டுக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்த்து, "அப்புறம் இன்னா ஆச்சு, சொல்லு" என்கிறார்கள்.