ஆந்தைக்குப் பின்னால் என்ன

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கு மூலையில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள் வெர்னா லாக்சோ. ஓய்வு பெற்றதும் பென்சிலை எடுத்தாள். மே மாதம் ஊர் மண்டபத்தில் நடக்கும் ஓவியப் போட்டிக்கு நாலு வருஷம் பறவைப் படம் கொடுத்தாள், நாலு முறையும் இரண்டாம் பரிசு. நடுவரின் குறிப்பும் மாறவில்லை: "பறவை அருமை. ஆனால் அந்தரத்தில் தொங்குகிறது. பின்னணி வேண்டும்."

வெர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் ஒரு கை பார்த்துவிடுவது, முதல் பரிசுக்குத் தரும் நீல ரிப்பனை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

வாய்ப்பும் தானாக வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் ரெய்னோ பெல்டோவின் சதுப்பில் பெரிய சாம்பல் ஆந்தை ஒன்று அடைகாத்தது. அவர் அதை வெர்னாவிடம் மட்டும் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு கூடு வெளியே தெரிந்து, கேமராக்காரர்கள் சாலை நெடுக வண்டியை நிறுத்தியதில், தாய்ப்பறவை முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தக் கோபம் ரெய்னோவுக்கு இன்னும் ஆறவில்லை.

வெர்னா தூரத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மூன்று வாரம் வரைந்தாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை வழக்கப்படி சவுனா என்ற நீராவி அறையில் குளித்துவிட்டுக் காபிக்கு வந்த ரெய்னோ, மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தார்.

"ஏ வெர்னா! இது என் வேலிக் கம்பு இல்ல?"

"இருந்தா என்ன?"

"இந்தப் பக்கம் ரோட்டு வளைவு, ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாய், பின்னால மண்டை முறிஞ்ச மரம். இந்தப் பக்கம் வண்டி ஓட்டுற எவனுக்கும் பார்த்ததும் தெரிஞ்சிடும். உன்னைப் படம் வரையச் சொன்னா, வழி சொல்லி வச்சிருக்கியே!"

வெர்னாவின் முகம் சுண்டிப்போனது. அவர் சொன்னது உண்மை. தபால்காரியின் கைக்கு முகவரி இல்லாமல் ஒரு மரத்தைக்கூட வரையத் தெரியவில்லை.

"வேற ஏதாவது மரத்தைப் போட்டு ஒப்பேத்திடேன்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க."

அவர் போனபின் வேறு தாளில் முயன்றும் பார்த்தாள். இல்லாத பைன் மரங்கள், இல்லாத குன்று. ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் உட்காரவைத்த ஆள் மாதிரி விழித்தது ஆந்தை. கிழித்துப் போட்டாள். முதல் படத்தில் மரத்தை அழித்தால் இறகு நுனியெல்லாம் கரியாகிவிடும். புதிதாக வரைய நாளும் இல்லை. அப்படியே கொடுத்தால் பரிசு நிச்சயம் என்று அவளுக்குத் தெரியும். ரெய்னோ தடுக்கவும் மாட்டார். அடுத்த சனிக்கிழமை காபிக்கு வரமாட்டார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். இறகு இறகாக ஆந்தையை வெட்டியெடுத்து வெள்ளை அட்டையில் ஒட்டினாள். மரமும் வேலியும் சாலையும் அடுப்புக்குள் போயின. மூன்று வாரத்தில் பாதி உழைப்பு அதில்தான் இருந்தது.

போட்டியில் இந்த முறை இரண்டாம் பரிசும் போயிற்று. வெட்டி ஒட்டியவை சேர்த்தி இல்லையாம். நீல ரிப்பன் வாங்கிய படத்தில் ஒரு மான், ஓர் ஏரி, வானத்தில் ஒரு சூரிய அஸ்தமனம், போதாதென்று ஏரிக்குள்ளும் ஒன்று.

முழ நீளக் கேமரா மாட்டிய ஒருவன் ஆந்தையின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"அம்மா, இதை எங்க பாத்தீங்க?"

"வீட்டுல. சமையக்கட்டு மேசைமேல."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வெளியே ரெய்னோ தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"குஞ்சு மூணு. காலையில எண்ணிட்டுத்தான் வரேன்."

"நல்லது," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

குஞ்சுகளுக்காக அழுகிறாள் என்று நினைத்து ரெய்னோ அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி அந்த நீல ரிப்பனுக்காக.