ஓடைப்புல்லும் மேட்டுப்புல்லும்

பத்துமலையின் கால் மரத்துப்போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடக்க முடிந்தது, மோட்டார் சைக்கிள் ஓட்ட முடிந்தது. இந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பிறகு கைவிரல்களும் மரத்தபோதுதான் பயந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி கலாதேவி ஆடுகளை விற்றுவிடுவாள். சர்க்கரை வியாதிக்காரன் பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு புல்லறுக்கப் போவதை அவள் ஏற்கெனவே பாதி மனதோடுதான் விட்டுவைத்திருந்தாள்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் புல்வெட்டு வேலைக்குப் போனார். தோட்டத்தை விற்றார்கள், மரங்களைச் சாய்த்தார்கள். ஈப்போவுக்கு வந்து, குத்தகைக்காரர் ஒருவரிடம் முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் சாலையோரப் புல் வெட்டினார். இப்போது சிம்பாங் பூலாய்க்கு அப்பால், பழைய, ஈயம் தோண்டிய லம்பத்துக் குட்டையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. வீட்டுக்குப் பின்னால் எட்டு ஆடுகள். வாழ்நாளெல்லாம் அழித்துக்கொண்டிருந்த புல்லை இப்போதுதான் ஒரு உயிருக்குத் தீனியாகக் கொடுக்கிறோம் என்று ஒருமுறை கலாதேவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் சிரித்தாள்.

அவர் அறுப்பது ஒரே ஒரு புல். அதற்கு அவர் வைத்த பெயர் ஓடைப்புல். பாரிட் வாய்க்கால் ஓரத்தில், ஈரத்தில் படர்ந்து கிடக்கும். ஹைவே சரிவில் முளைக்கும் மேட்டுப்புல் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பூ விட்டால் யாரும் சொல்லிவிடலாம்: மேட்டுப்புல்லுக்கு மூன்று நான்கு கதிர், ஓடைப்புல்லுக்குப் பத்துக்கு மேல். ஆனால் ஆட்டுக்குப் பூ விடுவதற்கு முன்பே அறுக்க வேண்டும். இளசில் இரண்டும் ஒரே பச்சை. வித்தியாசம் கணுவில் இருக்கிறது. ஓடைப்புல்லின் கணுவைச் சுற்றி வெள்ளை ரோமம் அடர்ந்திருக்கும். மேட்டுப்புல்லுக்கு இலையெல்லாம் ரோமம், கணு மட்டும் மொட்டை. மேட்டுப்புல்லை மாடு தின்னும், கொழுக்கும். ஆடு தொடர்ந்து தின்றால் சாகும்.

பத்துமலை கணுவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இடது கை கொத்தைப் பிடிக்கும்போதே கட்டைவிரல் கணுவைத் தடவிவிடும். வேண்டாததை விரல் விட்டுவிடும். அவர் பாட்டுக்கு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கண் மங்கியபோதும் இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இடமும் கை கொடுத்தது: ஈரத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று. போன வருஷம் பாரிட்டை ஆழப்படுத்த மண்வாரி இயந்திரம் வந்து, வாரிய மண்ணைக் கரையில் கொட்டிவிட்டுப் போனது. மேட்டுப்புல் கரைவரை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு விரல் ஒன்றுதான் சாட்சி. அந்த விரலும் பேசுவதை நிறுத்தியது.

சித்திரை வெயிலில் முதல் ஆடு கொட்டகையின் இருட்டு மூலைக்குப் போய் நின்றது. காது கனத்துத் தொங்கியது. இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. ஐந்தாம் நாள் செத்தது.

கலாதேவி சுரேனைத்தான் பிடித்தாள். சுரேன் பக்கத்து வரிசை வீட்டுக்காரன், கல்லுமலைக் குவாரியில் லோரி ஓட்டுகிறவன். பத்துமலைக்குக் கிளினிக் இருக்கும் நாட்களில் ஒரு சாக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்து போடுவான்.

“எங்க அறுத்தே தம்பி?”

“அண்ணே காட்டுன எடத்துலதாங்க்கா. பாரிட் ஓரமா.”

“காட்டுன எடத்துலயா, லோரிய நிப்பாட்டுன எடத்துலயா?”

“என்னாக்கா இப்படிப் பேசுறீங்க. எங்கப்பா மாட்டுக்கு எல்லாப் புல்லும்தான் போட்டாரு. ஒண்ணும் ஆவல லா.”

“ஒங்கப்பா மாட்ட நான் பாத்திருக்கேன். எலும்ப எண்ணலாம்.”

சுரேன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

“இனிமே நான் அறுக்கலக்கா. அண்ணங்கிட்ட சொல்லிருங்க.”

அண்ணன் சன்னலுக்கு உள்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். கையில் தேத்தண்ணிக் குவளை. அது சுடுகிறதா ஆறிவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மோட்டார் சத்தம் முனை திரும்பும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது ஆடும் செத்தபோது கால்நடை ஆபீசிலிருந்து தனேஸ்வரன் என்ற பையன் வந்தான். உதவியாளர் வேலை, முப்பதுக்குள் வயது. மூன்றாவதாக மூலைக்குப் போயிருந்த ஆட்டின் இமையை விலக்கிக் காட்டினான். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

“ஈரல் போயிருச்சு அங்கிள். புல்லுதான்.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றாள் கலாதேவி. “அந்தச் சுரேன்தான் கண்டதையும் அறுத்துப் போட்டான்.”

தனேஸ்வரன் கொட்டகை வாசலில் கிடந்த கட்டை அவிழ்த்தான். இரண்டு மூன்று தண்டுகளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் திருப்பினான்.

“இதுலயும் கலந்திருக்கே. இது எப்ப அறுத்தது?”

“காலைல” என்று சொன்னவள் நிறுத்திக்கொண்டாள். சுரேன் வந்து ஒரு வாரமாகிறது.

ஆடுகள் கழுத்தை நீட்டின.

“பிரிச்சுப் போடுங்க அங்கிள். ஒங்களுக்குத் தெரியும்ல?”

பத்துமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு தண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். இன்னொருமுறை தடவினார். இன்னொரு தண்டை எடுத்தார். யார் கையையோ வாங்கி மாட்டிக்கொண்டது போல இருந்தது. தலையை நிமிர்த்தாமல், அந்தத் தண்டைத் தூக்கி உதட்டில் வைத்துக் கணுவை மெல்ல இழுத்தார். ரோமம் உறுத்தியது. வலது பக்கம் போட்டார். அடுத்தது மொட்டை. இடது பக்கம். ஒவ்வொரு தண்டாக வாய்க்குக் கொண்டுபோய் இரண்டு குவியல் சேர்த்தார். இடது குவியல் வலதைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக இருந்தது. உதட்டோரம் அறுந்து ரத்தம் கசிந்தது.

தனேஸ்வரன் தாளில் ஏதோ எழுதப் போனவன் எழுதாமல் நின்றான்.

“எத்தன நாளா?” என்றாள் கலாதேவி.

“தைப்பூசத்துலேர்ந்து.”

“சுரேன அன்னைக்கு அப்படிப் பேசுனேனே, உள்ளதான இருந்தீங்க?”

கையே இப்படியென்றால் கால் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அவர் முன்னால் உட்கார்ந்து பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். அவள் விடவில்லை. பூட்ஸ் கழன்றபோது நாற்றம் வந்தது. உள்ளங்காலில் ஓட்டை. அதற்குள் காய்ந்த புல்லின் அறுத்த காம்பு ஒன்று, ஒரு விரற்கடை நீளம், குத்தி ஏறி, அவருக்குத் தெரியாமலே உள்ளே நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பதினாறு நாள் வார்டில் இருந்தார். சுரேன் ஒருநாள் கல்லுமலை வெள்ளைத் தூசியோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, “சாப்பிட்டீங்களாண்ணே” என்று கேட்டுவிட்டுப் போனான். மன்னிப்பு கேட்க வாய்க்குள் வைத்திருந்ததைப் பத்துமலை அப்படியே விழுங்கினார்.

வீட்டுக்கு வந்த அன்று கொட்டகையிலிருந்து சத்தமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல்வரை போனார். தரையைக் கழுவி விட்டிருந்தாள்.

“பாகான் டத்தோ ஊர்க்காரரு ஒருத்தரு வந்தாரு” என்றாள் கலாதேவி. “தென்னந்தோப்புக்குள்ள கட்டி வளக்குறாராம். மூணாவதும் செத்துப்போச்சு, மிச்சம் அஞ்சையும் ஏத்திட்டுப் போயிட்டாரு.”

“என்ன புல்லு போடுவாராம்?”

“கேக்கல.”

“எது ஆவாதுன்னு சொல்லிவிட்டியா?”

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

“எனக்கு எதுன்னு தெரியாதேங்க.”